அட்டையில் போன் நம்பர் எதற்கு? பாட்டுக் குழுக்களின் டிசைன் கேள்விகள்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரப் பாட்டுக் குழுக்களுக்குப் போஸ்டரும் ஆல்பம் அட்டையும் செய்து கொடுப்பது என் பிழைப்பு. இந்த வேலை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக் கேள்வி "எவ்வளவு வாங்குவீங்க அக்கா?" தான். அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

பாம்பன்: எங்கள் முதல் பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்ற அனுப்பினோம். அட்டை சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். கச்சேரி போஸ்டருக்குச் செய்த அதே டிசைன்தான் அக்கா. என்ன தப்பு?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன் தம்பி. கீழே "தொடர்புக்கு" என்று இரண்டு போன் நம்பர், ஓரத்தில் இன்ஸ்டா முகவரி. அதுதான் விஷயம். கச்சேரி போஸ்டரில் நம்பர் இல்லாவிட்டால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஆல்பம் அட்டையில் நம்பர், இணைய முகவரி, விலை எதுவும் இருக்கக் கூடாது. பதிவேற்றும்போது குழுவின் பெயரை எப்படி எழுதினீர்களோ, அட்டையிலும் அதே பெயர்தான் வர வேண்டும். சதுரமாக 3000-க்கு 3000 பிக்சல், ஆர்.ஜி.பி. (திரைக்கான சிவப்பு-பச்சை-நீலம்) நிறம். முடிந்தது.

ஆனால் இதைச் சரிசெய்தாலும் உங்கள் அட்டை நிற்காது. ஏழு பேர் முகம், இரண்டு உறுமி, ஒரு கிட்டார், பின்னால் கடல். போனில் அட்டை தெரிவதே கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான். நான் செய்கிற சோதனை இது: டிசைனை அந்த அளவுக்குச் சுருக்கி, போனைக் கை நீட்டி எங்கள் அம்மாவிடம் காட்டுவேன். கண்ணாடி போடாமல் பெயரை வாசித்துவிட்டால் டிசைன் தேறியது. போன மாதம் ஒன்றை "இது என்னடி, மீன் மசாலா பாக்கெட்டா?" என்று கேட்டார். அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கீழக்கரை: போட்டோஷாப்பில் தமிழ் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கெ' என்று அடித்தால் உடைந்து வருகிறது. ஃபான்ட் கெட்டுப்போய்விட்டதா?

ஃபான்ட் நன்றாகத்தான் இருக்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் முதலில் 'க', அப்புறம் கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. உங்கள் போட்டோஷாப் அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். டைப் அமைப்புக்குள் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பு என்றால் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று இருக்கும். பிறகு மூடித் திறந்து பாருங்கள்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எழுத்துகளை எல்லாம் கர்வ் ஆக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபான்ட் இருக்காது. அவசரத்துக்கு அவர்கள் வேறொன்றை மாற்றிவிட, "கடலோரக் காற்று" என்பது "கடலோரக் காறறு" என்று அச்சாகி 500 பிரதி சுவரில் ஒட்டப்பட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிசைன் என்னுடையதுதான்.

தொண்டி: அட்டைக்குச் செய்த 3000 பிக்சல் ஃபைலையே போஸ்டருக்கும் கொடுக்கலாமா?

அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3000 பிக்சல் 10 அங்குலத்துக்குத்தான் வரும். 20-க்கு 30 அங்குலப் போஸ்டருக்கு இழுத்தால் மங்கிவிடும். பிளெக்ஸ் கதை வேறு. தூரத்திலிருந்து பார்ப்பதால் அங்குலத்துக்கு 72 புள்ளி போதும். 10 அடி அகலத்துக்கு 8640 பிக்சல் வரும். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், பிக்சல் குறைந்துவிடும்; டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள்.

ராமேஸ்வரம்: நம்ம ஊர் அடையாளமாக எதை வைத்தாலும் பாம்பன் பாலம், இல்லாவிட்டால் தனுஷ்கோடி இடிந்த தேவாலயம் என்று ஆகிவிடுகிறது. வேறு என்ன வைக்கலாம்?

வாய்க்குச் சர்க்கரை போடலாம் உங்களுக்கு. 1914-இல் திறந்த பழைய பாலம், 1964 புயலில் அழிந்த ஊர், இரண்டும் பெரிய விஷயங்கள்தான். ஆனால் சுற்றுலா வேன் கண்ணாடியில்கூட அவை இருக்கின்றன. உங்கள் பாட்டு புயலைப் பற்றியது இல்லையென்றால் அந்தத் தேவாலயத்தை விட்டுவிடுங்கள். ட்ரோன் ஷாட் ஆசையும் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் போஸ்டருக்கு முன்னால் வழக்கு வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகளைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள். ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். பலகை மேல் நின்று எழுதுபவர் அணியம் (படகின் முன்முனை) பக்கம் போகப் போக, படகின் வளைவுக்கு ஏற்ப எழுத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போவார். 'ர'வின் காலைக் கொஞ்சம் இழுத்துவிடுவார். மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பு நிழலை வலப்பக்கம் மட்டும் கொடுப்பார். கணினி ஃபான்ட் எதிலும் அந்த நடை கிடையாது. என் அட்டைகளில் பாதி எழுத்து அங்கிருந்து வந்ததுதான். எழுதியவரிடம் கேட்டு, காசு கொடுத்துத்தான் எடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை. டி.என்.10 என்று வரும் படகுப் பதிவு எண்ணை அழகாக இருக்கிறதே என்று அப்படியே அட்டையில் போடாதீர்கள். அது ஒரு வீட்டின் எண். அந்தப் படகு இலங்கையில் பிடிபட்டுக் கிடந்தால், அந்த வீட்டுக்காரர்கள் உங்கள் அட்டையை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்?

ஏர்வாடி: பிளெக்ஸ் இரண்டு நாளில் கிழிந்துவிடுகிறது.

ஆடிக் காற்று அப்படி. பிறை வடிவில் ஆங்காங்கே வெட்டிவிடுங்கள், காற்று ஊடே போய்விடும். எழுத்து இல்லாத இடமாக விட்டு வைப்பது டிசைனர் வேலை. காகிதப் போஸ்டர் என்றால் ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் ஒட்டுங்கள். மைதாப் பசை அதற்குப் பிடிக்கும்.

தங்கச்சிமடம்: எவ்வளவு வாங்குவீங்க? அப்புறம், டிசைன் யாருக்குச் சொந்தம்?

புதுக் குழுவுக்கு அட்டை 4,000, போஸ்டர் 1,500. பாதி அட்வான்ஸ், இரண்டு முறை கரெக்‌ஷன். மூன்றாவதற்குத் தனிக் காசு. "பேர் கிடைக்கும், ஃப்ரீயா செய்யுங்க" என்பவர்கள் மைக்செட்காரரிடம் அப்படிக் கேட்பார்களா?

சொந்தம் என்பது சிக்கலானது. நான் வரைந்த ஒரு முகத்தை ஒரு குழு கேட்காமலே டி-ஷர்ட்டில் அடித்து விற்றது. நான் எதையும் எழுதி வாங்கவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவருக்குத்தான் முதல் உரிமை. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, பெயின்டிங், உருவப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது சொன்னவருக்குப் போய்விடும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இப்போது அரைப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன்: அட்டைக்கும் போஸ்டருக்கும் உங்களுக்கு, துணியில் அடிப்பதென்றால் என்னிடம் கேட்க வேண்டும்.

பாக்கித் தொகை எப்போதும் ரூபாயாகவே வரும் என்றும் இல்லை. உங்கள் ஊர்க் குழு ஒன்று போன தடவை பாக்கிக்கு ஒரு கூடை நீலக்கால் நண்டைக் கொண்டுவந்து இறக்கியது. வாங்கிக்கொண்டேன். ரசீதில் என்ன எழுதுவது என்றுதான் முழித்தேன்.