ஞானஸ்நானத்தைப் படமெடுக்க ஃப்ளாஷா, லென்ஸா?

கேள்வி: அடுத்த மாதம் இராயபுரத்தில் எங்கள் பங்கு ஆலயத்தில் அக்காவின் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். படமெடுக்கும் பொறுப்பைத் தாய்மாமனான என்னிடம் ஒப்படைத்துள்ளனர். என்னிடம் இருப்பது நிக்கான் டி3500 கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும்தான். ஆலயத்துக்குள் வெளிச்சம் குறைவு. பாரிமுனையில் ஒரு கடைக்காரர் ஃப்ளாஷ் வாங்கச் சொல்கிறார். பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் ஒன்றையும் காட்டி, பில் வேண்டாமென்றால் விலையைக் குறைப்பதாகவும் சொல்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஃப்ளாஷ் வாங்க வேண்டாம். சடங்கு நடக்கும்போது ஃப்ளாஷ் அடிப்பதைப் பல பங்குத்தந்தையர் விரும்புவதில்லை. கைக்குழந்தையும் திடுக்கிட்டு அழத் தொடங்கிவிடும். பணத்தை எடுப்பதற்கு முன் பங்குத்தந்தையைச் சந்தித்து, படமெடுக்க அனுமதி உண்டா, எங்கே நிற்கலாம், தண்ணீர் ஊற்றும்போது அவர் ஞானஸ்நானத் தொட்டியின் எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெற்றியில் சிலுவை அடையாளம், எண்ணெய் பூசுதல், வெண்ணாடை, பாஸ்கா திரியிலிருந்து (ஆலயத்தின் பெரிய மெழுகுதிரி) ஏற்றும் மெழுகுவர்த்தி ஆகியவற்றுக்கெல்லாம் ஓரளவு நேரம் கிடைக்கும். மும்முறை தண்ணீர் ஊற்றுவதோ சில நொடிகளில் முடிந்துவிடும், அதை உங்களுக்காக யாரும் மறுபடி செய்யமாட்டார்கள்.

லென்ஸ் தேவைதான். உங்கள் 18-55 லென்ஸ், 55இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (இந்த எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிதாகும்), 1.8 வரை திறக்கும் லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆனால் கடைக்காரர் காட்டிய 1.8டி உங்களுக்கு உதவாது. அந்த லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, டி3500 கேமராவுக்குள்ளும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறையும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். இரண்டு மீட்டர் தூரத்தில் 50 எம்எம் லென்ஸை 1.8இல் திறந்து வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் மட்டுமே என்னும்போது, அசையும் குழந்தையிடம் அது பெரும்பாலும் தோல்வியில்தான் முடியும். லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் என்ற எழுத்துகள் உள்ளனவா என்று பாருங்கள், இருந்தால் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு. என் தேர்வு ஏஎஃப்-எஸ் வகையிலான 35 எம்எம் 1.8ஜி. அதே இரண்டு மீட்டரில் 50 எம்எம் ஒரு மீட்டருக்கும் குறைவான அகலத்தையே காட்டும். 35 எம்எம் ஏறக்குறைய 1.35 மீட்டர் காட்டும், குருவானவரின் கை, குழந்தை, தாய் மூவரும் அதில் அடங்குவர். இதைச் செலவில்லாமலே சோதிக்கலாம்: வரும் ஞாயிறு திருப்பலி முடிந்தபின், இருக்கும் லென்ஸை முதலில் 35இலும் பிறகு 50இலும் நிறுத்தித் தொட்டியருகே நின்று பாருங்கள். இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டுமே லென்ஸ் தேவையென்றால், வாங்குவதைவிட இரண்டு நாள் வாடகைக்கு எடுப்பதே நல்லது. முன்பணத்துக்கு ரசீது பெறுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதானால், கைப்பேசி டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். கடற்காற்றும் ஈரப்பதமும் மிகுந்த நம் பகுதியில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்வது சாதாரணம். வலைபோன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கு பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. லென்ஸின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. கையில் பில் இல்லையென்றால், அந்தக் கடையில்தான் வாங்கினீர்கள் என்று நிறுவுவதே பெரும்பாடாகிவிடும். தனிநபரிடம் வாங்கும் பழைய பொருளுக்கு இச்சட்டம் துணைவராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியன்று ஆட்டோ முறையில் வைக்காதீர்கள். இருட்டைக் கண்டதும் உள்ளிருக்கும் ஃப்ளாஷ் தானாகவே எழும்பிவிடும். திறப்பை நீங்களே தீர்மானிக்கும் ஏ முறையில் எஃப் 2.8 வைத்து, ஆட்டோ ஐஎஸ்ஓவின் (ஒளி உணர்திறன்) உச்சத்தை 3200 என்றும் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/100 நொடி என்றும் அமையுங்கள். ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கம் எரியும் சிறு விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள், அது நேராகக் குழந்தையின் முகத்தில்தான் விழும்.