சர்வரில் டாட்-கிட் ஃபோல்டரும் பழைய ஃபைல்களும் கிடப்பது பற்றி

வணக்கம். எஃப்டிபியில் (ஃபைல்களைச் சர்வருக்கு அனுப்பும் ஒரு முறை) உங்கள் தளத்தின் முழு ஃபோல்டரையும் ஏற்றியதில், கோடின் மாற்றங்களைக் ‘கிட்’ மென்பொருள் சேமித்து வைக்கும் டாட்-கிட் (.git) ஃபோல்டரும் சர்வருக்குப் போய்விட்டது, நீங்கள் அழித்த பழைய ஃபைல்களும் அங்கேயே கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள்.

முதல் வேலையாக அந்த டாட்-கிட் ஃபோல்டரைச் சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள். அது வெளியே திறந்து கிடந்தால், யார் வேண்டுமானாலும் உங்கள் கோடு முழுவதையும் பழைய கமிட்டுகளோடு (கிட்டில் அவ்வப்போது சேமித்த பதிவுகளோடு) இறக்கிக்கொள்ளலாம். எப்போதோ கமிட் செய்து, பிறகு அழித்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதற்குள் இருக்கும். எனக்கே ஒருமுறை இப்படி ஆகி, இரவோடு இரவாக எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். நீங்களும் இன்றே மாற்றிவிடுங்கள்.

அப்புறம், ஏற்றுவதற்கு ‘கிட் ஆர்கைவ்’ கட்டளைதான் சரி. கமிட் ஆனதை மட்டும் டார் வடிவில், அதாவது பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பாகத் தரும். அதை அப்படியே பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு நேரே தரும் வழி) எஸ்எஸ்எச்சுக்கு, அதாவது சர்வரில் பாதுகாப்பாகக் கட்டளை இயக்கும் இணைப்புக்குக் கொடுத்து, மறுமுனையில் டார் கட்டளை பிரித்துக்கொள்ளும்படி செய்யலாம். நடுவில் ஒரு தற்காலிக ஃபைல்கூடத் தேவையில்லை. டெஸ்ட் ஃபோல்டர் போக வேண்டாம் என்றால், டாட்-கிட்-ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் ‘எக்ஸ்போர்ட்-இக்னோர்’ என்று எழுதிக் கமிட் செய்யுங்கள். சப்மாட்யூலின் (உங்கள் கோடுக்குள் இணைத்த வேறொரு கிட் களஞ்சியத்தின்) உள்ளடக்கம் மட்டும் இதில் வராது.

டார் பழைய ஃபைல்களை அழிக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் தேதி போட்ட புது ஃபோல்டரில் பிரித்து, சிம்லிங்க்கை (தளம் எந்த ஃபோல்டரிலிருந்து ஓட வேண்டும் என்று சுட்டும் குறுக்குவழியை) அதன் பக்கம் திருப்புங்கள். ஏதாவது உடைந்தால் பழையதற்கே திருப்பிவிடலாம். பயனர்கள் ஏற்றிய படங்களை இந்த ஃபோல்டர்களுக்கு வெளியே தனியாக வையுங்கள்.

உங்கள் ஹோஸ்டிங்கில் எஸ்எஸ்எச் இருக்கிறதா? இல்லையென்றால் சொல்லுங்கள், இதையே ஜிப்பாக எடுத்து ஏற்றும் வழியை எழுதுகிறேன்.