கேள்வி பதில்: சவுக்கு ரகங்களும் மரபணு ஆய்வும்

கேள்வி: மரங்களின் மரபணுத்தொகுதியை முழுவதுமாகப் படித்துவிட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறது. நெல்லில் புது ரகங்கள் அடுத்தடுத்து வரும்போது, மரப்பயிர்களில் மட்டும் நல்ல ரகம் ஒன்று வர ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன?
– சவுக்கு பயிரிடும் வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: படித்துவிட்டது உண்மைதான். 2006-இல் பாப்லர் மரத்தில் தொடங்கிய வேலை, 2013-இல் ஊசியிலை மரமான ஐரோப்பிய ஸ்புரூஸ், 2014-இல் தைலமர வகையான யூகலிப்டஸ் கிராண்டிஸ் என விரிந்து, இப்போது சவுக்கு வரை வந்திருக்கிறது. சவுக்கின் தொகுதி ஏறத்தாழ 30 கோடி எழுத்துகளே, அதாவது டி.என்.ஏ. இழையில் வரிசையாக அமைந்த வேதி அலகுகளே, கொண்டது. ஸ்புரூஸின் தொகுதியோ 2,000 கோடி. மனிதனுடையதைப் போல ஆறேழு மடங்கு. அதனால் ஸ்புரூஸில் மரபணுக்களும் ஆறேழு மடங்கு இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். தம்மைத் தாமே படியெடுத்துக்கொண்டு இடம் மாறி அமரும் துண்டுகள், கோடிக்கணக்கான ஆண்டுகளாக அகற்றப்படாமல் குவிந்ததால் வந்த பருமன் அது.

ஆனால் எழுத்துகளைப் படிப்பது வேறு, எந்த எழுத்து எந்தக் குணத்துக்குக் காரணம் என்று அறிவது வேறு. மரத்தின் உயரத்தையும் தண்டின் பருமனையும் ஒன்றிரண்டு மரபணுக்கள் தீர்மானிப்பதில்லை. மிகப் பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு பங்களிக்க, மண்ணும் மழையும் சேர்ந்தே மரம் உருவாகிறது. ஆகவே, கறவை மாட்டு இனவிருத்தியில் நிலைபெற்றுவிட்ட ஒரு முறையை இப்போது மரங்களிலும் கையாள்கிறார்கள். பல நூறு மரங்களை வயலில் வளர்த்து, உயரம், பருமன், கட்டையின் அடர்த்தி ஆகியவற்றை அளந்து, அதே மரங்களின் மரபணுத்தொகுதி நெடுகிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் காணப்படும் வேறுபாடுகளோடு அந்த அளவுகளைப் பொருத்திக் கணக்கிடுகிறார்கள். கணக்கு தேறிவிட்டால், அதே குடும்பங்களில் பிறக்கும் நாற்றின் இலைத் துணுக்கு ஒன்றிலிருந்தே அது எப்படி வளரும் என்பதை ஓரளவு முன்கூட்டிச் சொல்லிவிடலாம். ஒரு தலைமுறைத் தேர்வுக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடிக்கும் பைன் போன்ற மரங்களில் இது பெரிய லாபம். மூன்று நான்கு ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வரும் சவுக்கில் லாபம் அந்த அளவுக்கு இராது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆய்வகச் செலவு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறது. வயலில் மரத்தை அளக்கும் வேலை குறையவே இல்லை. அந்த அளவுகள் பிழையானால் கணக்கும் பிழையாகும். செங்காட்டு மண்ணில் எடுத்த அளவுகளைக் கொண்டு கடற்கரை மணலுக்கு ரகம் தேர்ந்தெடுப்பதும் சரிவராது. தாமதத்துக்குப் பெருங்காரணம் இந்த வயல் சோதனைதான், அதைத் தவிர்க்கச் சொல்வது நியாயமாகாது.

கேள்வி: நாற்றங்காலில் ‘குளோன் சவுக்கு’ என்று விற்கிறார்களே, அது மரபணு மாற்றப்பட்டதா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: இல்லை. தேர்ந்தெடுத்த மரத்தின் இளந்தளிரைக் கிள்ளி, வேர்ப்பிடிப்பு ஊக்கியில் தோய்த்து வேர்விடச் செய்த கன்று அது. தாய்மரத்தின் மறுபதிப்பே தவிர, வெளியிலிருந்து எந்த மரபணுவும் அதில் புகுத்தப்படவில்லை. நாட்டுச் சவுக்கையும், இந்தோனேசியாவைத் தாயகமாகக் கொண்ட ஜுங்குனியானா சவுக்கையும் கலந்து உருவாக்கிய கலப்பின ரகங்களும் மகரந்தச் சேர்க்கையால் பிறந்தவையே. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இந்த வேலையில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறது. மரபணு மாற்றிய மரங்கள் உலகில் இல்லாமல் இல்லை. பூச்சி எதிர்ப்புப் பாப்லரைச் சீனா 2002-இலேயே வணிகச் சாகுபடிக்கு அனுமதித்தது.

நீங்கள் அஞ்ச வேண்டியது வேறொன்று. ஒரே குளோனைப் பல ஏக்கரில் நட்டால், பட்டை கொப்புளித்து மரம் காயும் நோய்க்கு அந்தக் குளோன் இடம் கொடுக்கும் பட்சத்தில், தோப்பு முழுவதுமே அதற்கு இடம் கொடுத்ததாகிவிடும். கன்று வாங்கும்போது குளோனின் பெயரையோ எண்ணையோ கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, குறைந்தது மூன்று நான்கு குளோன்களைத் தனித்தனிப் பாத்திகளாக நடுங்கள்.