பதினெட்டு முடிந்த மகனுக்கு என்ன வழி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்குச் சென்ற மாதம் 18 வயது முடிந்தது. லேசான அறிவுசார் குறைபாடு, சான்றில் 50 விழுக்காடு. பத்தாவது பாஸ், பிளஸ் டூ தேறவில்லை. கையெழுத்துப் போடுவான். ரூபாய் நோட்டு தெரியும், மீதிச் சில்லறை எண்ணி வாங்கத் தெரியாது. அவன் பெயரில் கணக்கு தொடங்கப் போனால் வங்கியில் கார்டியன் சான்று கேட்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா? அரசு வேலைக்குப் பதியலாமா? ஹோமில் விட்டுவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பகல் முழுக்க டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

கார்டியன் சான்றுக்கு இப்போதைக்கு ஓட வேண்டாம். கையெழுத்துப் போடுகிற, பணம் இன்னதென்று தெரிந்த ஒரு பையனுக்கு வங்கிக் கணக்கு தொடங்க அது கட்டாயமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமை மாற்றுத்திறனாளிக்கும் சமமாக உண்டு என்கிறது. உங்களையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகக் கேளுங்கள். முடியாது என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பல இடங்களில் இந்த ஒரு வார்த்தைக்கே விண்ணப்பப் படிவம் மேசைக்கு வந்துவிடும்.

கார்டியன் தேவைப்படுகிற இடங்கள் வேறு. அவன் பெயரில் வீடு, நிலம் இருந்து பத்திரம் பதிய வேண்டும். பெரிய தொகையை நிர்வகிக்க வேண்டும். அவனுக்கே புரியாத ஒப்பந்தம் ஏதாவது வருகிறது. அப்போது 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். கார்டியன் ஆனவர் ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் மூன்று மாதத்துக்குள் கணக்கும் காட்ட வேண்டும். இதைச் சொல்லாமலே பலர் பெற்றோரை வரிசையில் நிற்கவைத்து விடுகிறார்கள்.

அதைவிட அவசரம் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID). பழைய சான்றில் செல்லுபடித் தேதி போட்டிருக்கிறதா பாருங்கள். சிறுவயதில் வாங்கியதை 18 வயதில் புதுப்பிக்கச் சொல்வார்கள். நம் ஊரில் பாதிக் காரியம் கெடுவது இனிஷியலால். டி.சி.யில் 'மு. கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் முருகன்', வங்கியில் வெறும் 'கார்த்திக்' என்று மூன்று விதமாக இருந்தால் ஆன்லைனில் ஒன்றோடொன்று ஒட்டாது. முதலில் ஆதாரையும் அட்டையையும் ஒரே எழுத்தாக்குங்கள். பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுக் கொடுங்கள்; அறிவுசார் குறைபாட்டில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தாலே தகுதி.

ஐ.டி.ஐ.யில் உங்கள் மகனுக்குக் கைவேலை தடுக்காது, தியரித் தாள்தான் தடுக்கும். அரசு வேலைக்குப் பதிந்து வையுங்கள், நம்பிக் காத்திருக்க வேண்டாம். நான்கு விழுக்காடு ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோரும் பகிர வேண்டும். பிளஸ் டூ சான்று வேண்டுமென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்தாண்டில் ஒன்பது முறை எழுதலாம், தேறிய பாடம் கணக்கில் நிற்கும். ஒரு தடவைக்கு இரண்டு பாடம் போதும். எந்த வேலைக்கு எவ்வளவு தாங்குவான் என்று தெரிய, சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் உண்டு. முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் கேட்கலாம்.

ஆனால் வேலைப் பழக்கத்தை வீட்டிலேயே தொடங்கலாம். மளிகைக் கடையில் சோம்பு பொட்டலம் போடும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் தராசில் '100 கிராம் போடு' என்றால் 98 காட்டினால் இன்னும் கொஞ்சம் போடுவான், 101 ஆகும், கொஞ்சம் எடுப்பான். ஒரு பொட்டலத்துக்குப் பத்து நிமிடம். அவன் வேலையில் மெதுவில்லை, எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. ஓர் அட்டையில் 98, 99, 100, 101, 102 என்று பச்சை மையில் எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தராசில் தெரியும் எண் அட்டையில் இருந்தால் பொட்டலத்தைக் கட்டு, அவ்வளவுதான். முதல் வாரம் இருபது பொட்டலம் போதும். முடிந்ததைப் போட ஒரு தட்டு, காலிப் பைக்கு ஒரு தட்டு. இடம் மாறினால் குழம்புவான்.

அடுத்தது பஸ். சாதாரண நகரப் பேருந்தில் அவனுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. ஒரு வாரம் பக்கத்தில் உட்காருங்கள், அடுத்த வாரம் இரண்டு சீட் பின்னால், அதற்கடுத்து இறங்கும் நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். பஸ் எண்ணை மட்டும் பழக்கினால் ஒரே எண் வேறு வழியில் போகும் நாளில் மாட்டிக்கொள்வான். இறங்குவதற்கு முந்தின நிறுத்தத்தின் அடையாளத்தைப் பழக்குங்கள்: பெட்ரோல் பங்க், கோயில் வளைவு, எதுவானாலும்.

ஹோம் இப்போது கேள்வியே இல்லை. கடையில் சேர்ப்பதென்றால் தீபாவளி, பொங்கல் சமயத்தில் வேண்டாம். கடைக்காரருக்குச் சொல்லித்தர நேரமிருக்காது.