கதவைச் சாத்தினால் தப்பா?

கேள்வி: என் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய். அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கிறது. 2020 ஊரடங்கில் நீங்களும் இதே சிகிச்சை எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் அவளைப் பார்க்க வருகிறார்களாம். வேண்டாம் என்றால், "கொரோனாதான் போயாச்சே" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- வாசகி, செம்பூர்

பதில்: மாமியாருக்கு என் நமஸ்காரம். கொரோனா போனது சரி, கீமோ இப்போதுதானே வருகிறது!

எனக்கு இந்தச் சங்கடமே வரவில்லை. அந்த மார்ச் கடைசியில் நாடே கதவைச் சாத்திக்கொண்டது. டோம்பிவிலியில் என் கதவும் சாத்தியிருந்தது. யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து வர முடியவில்லையே என்று பெரியம்மா போனில் அழுதார். நானும் அழுதேன். போனை வைத்த பிறகு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மொட்டைத் தலையோடு நின்று யாருக்கும் காபி கலக்க வேண்டாம் பாருங்கள்.

எனக்கு முதல் நான்கு தடவை ரோஸ்மில்க் எசன்ஸ் நிறத்தில் இருக்கும் அந்தச் சிவப்பு மருந்து, 21 நாளுக்கு ஒரு முறை. அது ஏறின ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். வேனில் வருபவர்களில் ஒருவருக்கு லேசான சளி இருந்தாலும் அந்த வாரத்தில் நாத்தனாரைப் படுக்க வைத்துவிடும். அதனால் 'வராதீர்கள்' என்று சொல்லாதீர்கள், தேதி கொடுங்கள். அடுத்த ஊசிக்கு முந்தைய வாரம், இரண்டு பேர், மாஸ்க்கோடு, ஒரு மணி நேரம். டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். மாமியார்களிடம் எடுபடும் வாக்கியம் அது ஒன்றுதான்.

அப்புறம், வேன் வாடகையை அனுப்பச் சொல்ல முடிந்தால் சொல்லிவிடுங்கள். மும்பை லோக்கல் ரயில் நின்றுபோனதால் நான் கீமோவுக்குப் பரேல் போய்வர ஒவ்வொரு முறையும் காருக்கு 3,500 ரூபாய். ஜூன் 15-ல் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் லோக்கலைத் திறந்தார்கள். பெண்கள் எல்லாரும் ஏறலாம் என்றது அக்டோபர் 21-ல்தான். அதற்குள் வாராந்தர மருந்து பன்னிரண்டும் சேர்த்து என் பதினாறு கீமோவும் முடிந்திருந்தன. பார்க்க வர முடியாத ஒரு சித்தப்பா மட்டும் மாதாமாதம் வண்டிச் செலவு அனுப்பினார். அவரைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மனைவிக்கு கீமோ நடக்கிறது. காய்ச்சல் வந்தால் டோலோ கொடுத்து ஒரு நாள் பார்க்கலாமா?
- வாசகர், மாட்டுங்கா

பதில்: கூடவே கூடாது. 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே போன், ராத்திரி இரண்டு மணியானாலும். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது உடம்பு காட்டும் அடையாளம் பல சமயம் காய்ச்சல் மட்டும்தான். மாத்திரை போட்டால் அதுவும் மறைந்துவிடும். உள்ளே கிருமி பரவுவது தெரியாது.

இரண்டாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் ராத்திரி எனக்கு 100.9. பக்கத்து மருத்துவமனை வாசலிலேயே, "கொரோனா ரிசல்ட் இருக்கா?" என்று நிறுத்திவிட்டார்கள். அந்த நாட்களில் காய்ச்சல் என்றாலே கொரோனாதானே! படியில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் கீமோ வார்டு நம்பருக்கு அடித்தார். நேரே வரச் சொன்னார்கள். போனதும் ரத்தம் எடுத்துவிட்டு, ரிசல்ட் வரும்வரை காத்திராமல் ஆன்டிபயாடிக் டிரிப் போட்டார்கள். ஐந்து நாள் இருந்தேன். நீங்கள் இன்றைக்கே அந்த வார்டு நம்பரை வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ராத்திரியில் எங்கே சேர்ப்பார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடது மார்பில் ஆபரேஷன் ஆனது. தடுப்பூசி எந்தக் கையில் போட்டுக்கொள்வது?
- வாசகி, காட்கோபர்

பதில்: வலது கையில். ஊசி போட்ட பக்கம் அக்குளில் நெறி கட்டலாம்; ஆபரேஷன் ஆன பக்கமாக இருந்தால் அடுத்த ஸ்கேனில் அதைப் பார்த்து வீடே கலங்கிவிடும். கை வீங்கும் பயமும் இருக்கிறது. 2021 மார்ச்சில், 45 வயதைத் தாண்டிய என் போன்ற நோயாளிகளுக்குக் கொரோனா ஊசி திறந்ததும் போனேன். எனக்கும் இடது பக்கம்தான். நர்ஸ் பழக்கதோஷத்தில் இடது கையையே பிடிப்பார் என்று தெரியும். முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டு, வலது கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.