எளிமையாக்கல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்பத்துக்குக் கனடாவில் நிரந்தரவாசம் கிடைத்திருக்கிறது. சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கும் ஐந்தறை வீட்டை விற்றாகிவிட்டது. ஜூன் விடுமுறையில் டொரோண்டோவுக்குப் புறப்படுகிறோம். நான்கு மாதங்களாக எங்கள் வாழ்க்கையை எளிமையாக்கி வருகிறோம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ‘இது தேவையா’ என்று கேட்டு, பாதியைக் கரோசல் செயலியில் விற்றோம், மீதியில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டோம். எட்டுப் பெட்டிகளில் வீடு அடங்கிவிடும் என்பது பெரிய விடுதலையாக இருக்கிறது.

அத்தை, என் கணவரின் அம்மா, ஆறு மாதம் யீஷூனில் நாத்தனார் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு பெற்றோருக்கான சூப்பர் விசாவில் வருவார். அவருடைய சாமான்களைப் பிரிப்பதுதான் சிரமமாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது நானும் கணவரும் உட்கார்ந்து பிரித்து, வேண்டாதவற்றை மூன்று பெட்டிகளில் கட்டி, வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் அறையில் வைத்துவிட்டோம். வரும் சனிக்கிழமை ஆள் வந்து எடுத்துக்கொள்வார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

என் கேள்வி இதுதான். எங்களிடம் நானூறு தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துச் செல்வதா, மின்னூல்கள் போதும் என்று விட்டுவிடுவதா? கிரைண்டரையும் கொண்டுபோகலாமா? மகனுக்குப் பதினொரு வயதாகிறது. அவனுடைய தேசிய சேவையை, அந்தக் கட்டாய ராணுவப் பணியை, நினைத்தும் கவலையாக இருக்கிறது.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

புத்தகங்களை எடுத்துச் செல்லுங்கள், ஆனால் கப்பலில் அனுப்புங்கள். விமானத்தில் எடைக்குக் காசு. கப்பலில் பெரும்பாலும் அடைக்கும் இடத்துக்குத்தான் காசு. நானூறு தமிழ்ப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் அரைக் கன மீட்டர்கூட வராது. கனடாவில் இறங்கும்போது, உடன் வரும் பொருள்களுக்கு ஒன்றும் பின்னால் வரும் பொருள்களுக்கு ஒன்றுமாகப் பட்டியல் எழுதிச் சுங்க அதிகாரியிடம் காட்ட வேண்டும். இரண்டாவது பட்டியலில் புத்தகங்களை மறவாமல் எழுதிவிடுங்கள், விட்டுப்போன பொருளுக்குப் பிறகு வரிவிலக்குக் கேட்க முடியாது. கிரைண்டரை இங்கேயே விட்டுவிடுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், அவர்களுடையது 120. அங்கே ஸ்கார்பரோவில் ஈழத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக இட்லி அவித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த மின்சாரத்துக்கு ஓடும் கிரைண்டர் உங்களுக்கும் கிடைக்கும். மகனைப் பற்றிய கேள்வியை எழுத்தாளனிடம் கேட்காதீர்கள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கும் பையனுக்கு வெளியேறும் அனுமதி வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். மற்றதைத் தற்காப்பு அமைச்சின் இணையப்பக்கத்தில் பாருங்கள்.

உங்கள் கேள்விகள் முடிந்தன. ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது அவற்றுக்காக இல்லை. உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப நான் வாசித்தது மூன்று சொற்களைத்தான்: ‘அத்தை ஒன்றும் சொல்லவில்லை.’

சென்ற வாரம் என் மகள் என் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “அப்பா, இதெல்லாம் தேவையா?” என்று கேட்டாள். அறுபத்தேழு வயதில் அந்தக் கேள்வியை எதிர்கொள்வது வேறு அனுபவம். தேவை என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். பயன்படாத மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கும் நின்றுபோன கைக்கடிகாரத்துக்கும் என்ன காரணம் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அவளும் யாரிடமாவது ‘அப்பா ஒன்றும் சொல்லவில்லை’ என்று சொல்லியிருப்பாள்.

‘இது தேவையா’ என்று கேட்டீர்கள், நல்லது. யாருக்கு என்று கேட்டீர்களா? நீங்கள் உங்கள் பொருளை விற்றது உங்கள் முடிவு. கணவர் தம் பொருளை விற்றது அவர் முடிவு. அத்தையின் பொருளை, அத்தை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்துக் கட்டியதற்கு என்ன பெயர் வைப்பது? எளிமை என்று வைக்காதீர்கள். தமிழில் எளியவர் என்றால் குறைந்த பொருள் உடையவர் மட்டுமல்லர், வலுவில்லாதவர் என்றும் பொருள். எளியாரை வலியார் வாட்டினால் என்று தொடங்கும் பழமொழியில் உள்ள எளியார் அந்த எளியார்தான். உங்கள் வீட்டில் எளிமையாக்கப்பட்டவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். (கடிதம் எழுதியவர் நீங்கள் என்பதால் திட்டு முழுவதும் உங்கள் மேல் விழுகிறது. பாதியை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். தாயின் சாமான்களைக் கட்டிய கைகளில் இரண்டு அவருடையவை.)

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. புண்ணியத்தால் வந்த தகுதி இல்லை.

1994இல் அங் மோ கியோவில் இருந்த மூவறை வீட்டை விட்டுவிட்டு நாங்கள் தெம்பினிஸில் ஐந்தறை வீட்டுக்குப் போனோம். எனக்கு அப்போது பதவி உயர்வு வந்திருந்தது, புது வீட்டுக்குப் புதுச் சமையலறை வேண்டும் என்ற வெறியும் வந்திருந்தது. அம்மா 1958இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, ஒரு டிரங்குப் பெட்டியோடு மணமகளாக வந்தவர். அந்தப் பெட்டியை நான் தொடவில்லை. நினைவுப் பொருள்மீது நமக்கு மரியாதை உண்டல்லவா! நான் கைவைத்தது அவருடைய டப்பாக்களில். மைலோ டப்பாக்கள், பிஸ்கட் தகரங்கள், பால் மாவு டப்பாக்கள் என முப்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் துருப்பிடித்தும் நெளிந்தும் போனவை. ஒலிப்பானை அமுக்கிக்கொண்டு மாடி மாடியாக வந்து பழைய சாமான் வாங்கும் காரங்குனிக்காரரிடம், அம்மா தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தனையையும் தூக்கிக் கொடுத்தேன். அவர் இரண்டு வெள்ளி தந்ததாக ஞாபகம்.

புது வீட்டில் ஒரே அளவில், ஒரே வெள்ளை நிறத்தில் இருபத்துநான்கு பீங்கான் சாடிகளை வாங்கி வரிசையாக வைத்து, அலுவலகத்தில் பெயர்ச்சீட்டுகளை அச்சடித்துக் கொண்டுவந்து ஒட்டினேன். அவற்றை ஆங்கிலத்தில் அச்சடித்தேன். அந்தக் காலத்திலும் நான் தமிழில் கதை எழுதிக்கொண்டிருந்தவன்தான்.

அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். பழைய சமையலறையில் அவர் எதையும் வாசித்ததில்லை. எந்த டப்பாவில் எங்கே நெளிவு என்று அவர் விரலுக்குத் தெரியும், விளக்குப் போடாமலே துவரம் பருப்பை எடுப்பார். இங்கே ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அடுப்படியில் நின்றபடி, “தம்பி, இந்தச் சட்டிய எடுத்துக்கட்டுமா?” என்று என்னைக் கேட்டார். நான் பேப்பர் படித்துக்கொண்டே “எடுத்துக்குங்கம்மா, இதென்ன கேள்வி” என்றேன்.

அதற்குப் பிறகு பதினொரு ஆண்டு உயிரோடு இருந்தார். கடைசி வரை கேட்டுத்தான் எடுத்தார். சட்டியை எடுக்கட்டுமா, இந்தத் துணியில் கை துடைக்கலாமா, வந்தவர்களுக்குக் காப்பி போடட்டுமா. கோபத்தில் கேட்டிருந்தால் நான் புரிந்துகொண்டிருப்பேன். அவர் மரியாதையாகக் கேட்டார், அடுத்த வீட்டுக்கு வந்தவர் கேட்பதைப் போல. அந்த டப்பாக்களோடு ஏதோ நினைவுகள் போய்விட்டன என்று நான் உருகவில்லை. ஒரு மைலோ டப்பாவில் நினைவு என்ன இருக்கிறது? கேட்காமல் கைநீட்டி எடுக்கும் உரிமை அதில் இருந்தது. முப்பத்தாறு ஆண்டுகளாகச் சேர்த்த உரிமையை நான் இரண்டு வெள்ளிக்குக் கொடுத்திருந்தேன். ஆறு மாதம் கழித்துத் தவறு உறைத்து, “பழைய மாதிரி டப்பா வாங்கித் தரட்டுமாம்மா?” என்று கேட்டேன். “வேணாம்ப்பா, இதுவே நல்லாத்தான் இருக்கு” என்றார்.

உங்கள் அத்தை வரப்போகும் சூப்பர் விசா பத்தாண்டு வரை செல்லும். 2022 முதல் ஒருமுறை போனால் ஐந்தாண்டு வரை தங்கவும் விடுகிறார்கள். இருந்தாலும் அது வருகையாளர் விசாதான். உறைபனிக் காலத்தில் தனியாக வெளியே போக முடியாது, பேச்சுத்துணைக்கு அடுத்த புளோக்கில் ஆள் இருக்காது, தேக்கா சந்தையும் கிடையாது. அவருக்கு மிஞ்சப்போவது உங்கள் சமையலறை ஒன்றுதான். கனடா அரசாங்கம் அவரை வருகையாளர் என்று எழுதட்டும், அது அவர்கள் சட்டம். அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே நீங்களும் எழுதிவிட வேண்டுமா?

நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. வீட்டை விற்று, வேலையை விட்டு, பள்ளிக்கூடத்துக்கும் தூதரகத்துக்கும் அலைந்து, இத்தனைக்கும் நடுவில் எல்லாருடைய சாமானையும் எண்ணிக்கொண்டிருப்பவர் நீங்கள்தான் என்பதும், நான்கு மாதமாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்பதும் கடிதத்திலேயே தெரிகிறது. அத்தையைக் கேட்டால் எதையும் விடமாட்டார், வாக்குவாதம் வரும் என்று பயந்திருப்பீர்கள். நானும் அதற்குத்தான் பயந்தேன். அந்த வாக்குவாதம் நடந்திருந்தால் அம்மா என்னைத் திட்டியிருப்பார், பத்து டப்பாவாவது தப்பித்திருக்கும்.

சனிக்கிழமை வரும் ஆளுக்குத் தொலைபேசியில் சொல்லி, வரவேண்டாம் என்று நிறுத்திவிடுங்கள். மூன்று பெட்டிகளையும் பாம் ஷெல்டரில் இருந்து எடுத்துவந்து கூடத்தில் வைத்து, கட்டை அவிழ்த்துவிட்டு, கேட்காமல் செய்தது தப்பு என்று இருவரும் அத்தையிடம் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், எடைக் கணக்கும் வேண்டாம். எது கப்பலில் போகவேண்டும், எது நாத்தனார் வீட்டுக்குப் போகவேண்டும், எதைக் கொடுத்துவிடலாம் என்று அவர் சொல்லட்டும்; கப்பலில் போவதைப் புத்தகங்களுக்கு மேலே, அந்தப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். பெரும்பாலும் அவர், “எனக்கு ஒன்னும் வேணாம், நீங்களே பாத்துக்குங்க” என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டிகள் ஒரு வாரம் திறந்தபடி அங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்.