தள்ளிவிட்டதில் உயிர் போய்விட்டது: தம்பி மீது கொலை வழக்கு வருமா?

கேள்வி: லண்டனில் மாணவர் விசாவில் இருக்கும் என் தம்பிக்கும் இன்னொருவருக்கும் ஒரு கடை வாசலில் வாய்த்தகராறு. அவர் சட்டையைப் பிடித்ததும் தம்பி நெஞ்சில் கைவைத்துத் தள்ளியிருக்கிறான். மல்லாந்து விழுந்தவருக்குத் தலையில் அடிபட்டு, இரண்டு நாளில் இறந்துவிட்டார். தம்பியைக் கைது செய்து ஜாமீனில் விட்ட போலீஸ், மறுபடி விசாரணைக்குக் கூப்பிடுகிறது. கொல்லும் எண்ணமே இல்லாதபோது இது எப்படிக் குற்றமாகும்?

பதில்: கொல்லவோ கடுமையாகக் காயப்படுத்தவோ எண்ணம் இருந்தால்தான் இங்கிலாந்துச் சட்டப்படி அது கொலை. நீங்கள் சொல்வதில் அது தெரியவில்லை. ஆனால் எண்ணம் இல்லாமலே மேன்ஸ்லாட்டர் (கொலை என்ற அளவுக்குப் போகாத, உயிரிழப்பை உண்டாக்கிய குற்றம்) வரும். பிறர் பாதுகாப்பைக் கவனிக்கும் கடமை உள்ளவரின் படுமோசமான அலட்சியத்தால் உயிர் போவது அதில் ஒரு வகை. உங்களுக்கு அது பொருந்தாது. இன்னொரு வகைதான் கவலை: சட்டவிரோதமான ஒரு செயலைச் செய்து, அதனால் ஒருவர் இறப்பது. அந்தச் செயலால் சிறிதளவாவது காயம் ஏற்படலாம் என்று நிதானமுள்ள எவருக்கும் தெரிந்திருந்தால் போதும். உங்கள் தம்பிக்கு அது தோன்றியதா என்று சட்டம் கேட்பதில்லை. 1983-இல் வந்த மிட்செல் வழக்கில், தபால் நிலைய வரிசையில் நடந்த சண்டையில் அடிபட்ட ஒருவர் பின்னால் நின்ற 89 வயது மூதாட்டி மேல் விழுந்தார். கால் முறிந்து அந்த அம்மா பிறகு இறந்தார். அடித்தவருக்கு மேன்ஸ்லாட்டர் தண்டனை உறுதியானது.

எனவே எல்லாமே ஒரு கேள்வியில் நிற்கிறது: அந்தத் தள்ளல் சட்டவிரோதமா? தற்காப்புக்காக, தேவையான அளவே தள்ளியிருந்தால் குற்றமே இல்லை. அந்த நொடியில் தம்பி என்ன நடப்பதாக நம்பினானோ, அதை வைத்தே நியாயமான பலமா என்று பார்ப்பார்கள். தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சட்டையைப் பிடித்தது யார், எப்போது என்பது அதனால்தான் உயிர்நாடி.

வழக்கறிஞர் இல்லாமல் தம்பி ஒரு வார்த்தை பேச வேண்டாம். காவல் நிலையத்தில் அவர் உதவி இலவசம், கேட்டாலே போதும். பேசாமல் இருந்துவிட்டு நீதிமன்றத்தில் முதல்முறையாகத் தற்காப்பு என்றால், அதை எதிராக எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. அதனால் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதை வழக்கறிஞரோடு முடிவுசெய்யுங்கள். கடையின் கேமரா பதிவு அழியும் முன் பத்திரப்படுத்தச் சொல்லி அவர் இன்றே எழுதட்டும்.

தண்டனை பற்றி ஒளிக்க விரும்பவில்லை. உச்சபட்சம் ஆயுள். எந்தக் காயமும் நோக்கமில்லை, லேசான காயத்துக்கு மேல் வெளிப்படையான ஆபத்தும் இல்லை என்று நீதிபதி ஏற்றால், வழிகாட்டுதல்படி 2 ஆண்டில் கணக்கு தொடங்கும். 1 முதல் 4 வரை போகலாம். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விழுந்தால் நாடுகடத்தலும் பின்னாலேயே வரும். குடிவரவு வழக்கறிஞரையும் இப்போதே பாருங்கள்.

இறந்தவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க உங்களுக்கு மனம் துடிக்கும். வேண்டாம், சாட்சியைக் கலைக்க வந்ததாக அது திரும்பும். அன்று தம்பி போட்டிருந்த சட்டையைப் போலீஸ் எடுக்கவில்லையென்றால், துவைக்காமல், பொத்தான் அறுந்திருந்தால் அதைத் தைக்காமல் அப்படியே வழக்கறிஞரிடம் கொடுங்கள்.